மலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை: கையேட்டில் இல்லாத கணக்குகள்

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ படித்து முடித்து, பல்கலைக்கழகத்தின் மலை நிலையத்துக்கு உதவிப் பேராசிரியராகவோ ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆகவோ ஆர்டர் வாங்கி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஊட்டி, கொடைக்கானல், தடியன்குடிசை என்று எந்த நிலையமானாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். ஆய்வு முறை, கொள்முதல் விதி, நிதியாண்டு எல்லாமே சமவெளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அப்படியே மேலே கொண்டுவந்தால் எங்கெங்கே இடிக்கும், அங்கே என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப் போகிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் ஊட்டியைச் சுற்றியவை. கொடைக்கானலுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். தடியன்குடிசை உயரம் குறைவு என்பதால் காற்றழுத்தக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவில்லை என்ற புலம்பலோடு இது முடிந்தால் பரவாயில்லை. ஆட்டோகிளேவின் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் ஏறிய அழுத்தத்தை மட்டும்தான். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு); அதோடு முள் காட்டும் 15 சேரும்போது உள்ளே 121 டிகிரி கிடைக்கிறது. ஊட்டியில் வெளிக்காற்று 11 பி.எஸ்.ஐ. சொச்சம்தான். முள் அதே 15-இல் நின்றாலும் உள்ளே 117 டிகிரிதான் இருக்கும்.

நாலு டிகிரிதானே என்று விட முடியாது. வெப்பம் தாங்கும் பேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர்களுக்கு (உறங்கும் வித்துகளுக்கு) அந்த நாலு டிகிரி போதும், பிழைத்துக்கொள்ளும். ஊற்றிய மீடியாவில் (நுண்ணுயிரோ திசுவோ வளர்க்கும் ஊட்டக் கலவையில்) மூன்றாம் நாள் வெள்ளைப் படலம் ஏறும். உடனே லேமினார் ஃப்ளோ (வடிகட்டிய காற்று வீசும் வேலை மேசை) மீது பழி விழும், ஃபில்டர் மாற்ற மதிப்பீடு வாங்குவார்கள், கை கழுவாத மாணவரைத் திட்டுவார்கள். ஊற்றாமல் மூடியபடியே வைத்த ஒரு ஃபிளாஸ்க்கும் கலங்கினால் குற்றவாளி ஆட்டோகிளேவ் என்று தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் அப்படி ஒரு ஃபிளாஸ்க்கை ஒதுக்கி வையுங்கள்.

வெப்பத்தை வைத்து இயங்கும் டிஜிட்டல் மாடல் இருந்தால் 121 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், அழுத்தம் 18.5 பி.எஸ்.ஐ. வரை தானே ஏறிக்கொள்ளும். வாங்கும்போதே அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பழைய குக்கர் மாதிரி வெயிட் போட்ட ஆட்டோகிளேவ் என்றால் வெயிட்டைக் கூட்டுவது, வால்வை இறுக்குவது போன்ற கைவேலை வேண்டவே வேண்டாம். நேரத்தை நீட்டுங்கள்: கீழே 15 நிமிடம் போதும் என்றால் இங்கே 40 நிமிடம். அத்தனை நேரம் வைத்தால் சர்க்கரை உள்ள மீடியா பழுப்பாகும். அதனால் லிட்டர் ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு 100, 250 மில்லியாகப் பிரித்து வைத்தால் சூடு சீக்கிரம் உள்ளே இறங்கும். வால்வை மூடுவதற்கு முன் உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறி நீராவி சீராகச் சீறட்டும். காற்று தங்கினால் முள் காட்டும் அழுத்தத்துக்கு அர்த்தமே இல்லை. இண்டிகேட்டர் டேப் கறுத்துவிட்டது என்று திருப்திப்படாதீர்கள். சூடு பட்டது என்பதற்குத்தான் அது சாட்சி. மாதம் ஒரு தடவையாவது ஸ்போர் ஸ்டிரிப் (உயிருள்ள ஸ்போர் பூசிய சோதனைத் தாள்) வைத்து, ஸ்போர் செத்ததா என்று பாருங்கள்.

அடுத்தது மண். இங்கே ஆய்வு நிலமெல்லாம் படிக்கட்டு வயல். ஒவ்வொரு படியிலும் உள்பக்கம் வெட்டி எடுத்த இடம், வெளிப்பக்கம் கொட்டி நிரப்பிய இடம். உள்பக்கத்தில் அடிமண் மேலே தெரியும். சத்து குறைவு, ஈரம் அதிகம். வெளி ஓரத்தில் மேல்மண் குவிந்திருக்கும், ஆனால் சீக்கிரம் காயும். கீழே கற்ற பழக்கத்தில் ஒரு பிளாக்கை (எல்லா ட்ரீட்மென்டும் ஒரு தடவை வரும் பாத்தித் தொகுதியை) இரண்டு படிகளில் பரப்பினாலோ, ஒரு ட்ரீட்மென்ட் (சோதிக்கும் உர அளவு போன்றது) உள்பக்கமும் இன்னொன்று வெளிப்பக்கமும் விழும்படி பாத்தி பிரித்தாலோ, கடைசியில் கிடைக்கும் வித்தியாசம் உரத்தால் வந்ததா, படியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு படி ஒரு பிளாக். பாத்திகள் உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை நீளவாக்கில் ஓடட்டும். எல்லாப் பாத்திக்கும் நல்லதும் கெட்டதும் சம அளவில் வந்து சேரும். மண் மாதிரியையும் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், ஒரே படிக்குள் எவ்வளவு வேறுபாடு என்று புரியும்.

எடுத்த மண்ணைக் காயவைப்பது அடுத்த பாடு. ஜூன், ஜூலையில் நிழலில் பரப்பிய மண் ஒரு வாரம் ஆனாலும் காயாது. பூஞ்சை பிடிக்கும், அதற்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்து நைட்ரேட் அளவையே மாற்றிவிடும். காற்று சுழலும் ஓவனில் 40 டிகிரியில் வைத்து உலர்த்துங்கள். அவசரப்பட்டு 105-க்குப் போகாதீர்கள். ஈரப்பத அளவீட்டுக்கு மட்டும்தான் அந்தச் சூடு. நைட்ரேட், அம்மோனியம் பார்ப்பதாக இருந்தால் காயவைக்கவே வேண்டாம், ஈர மண்ணாகவே எடுத்து அன்றே பிரித்தெடுத்துவிடுங்கள். ஈரப்பதத்தைத் தனியாகப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம்.

கரிமச் சத்து பார்க்கும் வாக்லி–பிளாக் முறையில் புதியவர்கள் கட்டாயம் மாட்டுவார்கள். கையேட்டில் 1 கிராம் மண், 10 மில்லி 1 நார்மல் பொட்டாசியம் டைக்ரோமேட், 20 மில்லி அடர் கந்தக அமிலம், அரை மணி நேரம் என்று இருக்கும். சமவெளி மண்ணில் கரிமச் சத்து அரை சதவீதம், முக்கால் சதவீதம். அதற்கு 1 கிராம் சரி. ஆனால் அந்த 10 மில்லி டைக்ரோமேட்டால் அதிகபட்சம் 30 மில்லிகிராம் கார்பனைத்தான் ஆக்ஸிஜனேற்றம் செய்ய முடியும். அதாவது மண்ணில் கரிமச் சத்து 3, 4 சதவீதத்தைத் தொட்டாலே மருந்து தீர்ந்துபோகும். ஊட்டிப் பக்கம் அந்த அளவு சர்வ சாதாரணம், சோலைக்காட்டு ஓர மண்ணில் அதற்கும் மேலே. அமிலம் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு நிறம் போய் முழுப் பச்சையாகிவிட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். மிஞ்சிய டைக்ரோமேட்டை அளக்கும் டைட்ரேஷனைச் செய்து பயனில்லை. எல்லா மாதிரியும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்து, 'மண் ரொம்ப சீராக இருக்கிறது' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. 0.25 கிராம் எடுங்கள். அவ்வளவு சிறிய அளவு முழு மாதிரிக்கும் பிரதிநிதியாக இருக்க வேண்டுமென்றால் மண்ணை அரை மில்லிமீட்டர் சல்லடைக்கு அரைக்க வேண்டும். இரும்பு உரலில் அரைக்காதீர்கள். உதிரும் இரும்புத் துகளும் டைக்ரோமேட்டைத் தின்னும்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) பார்க்கக் கோயம்புத்தூர் லேபுக்கு மாதிரி அனுப்பும்போது உறைமேல் 'பிரே முறை' என்று பெரிதாக எழுதுங்கள், அமில மண்ணுக்கான முறை அது. இங்கே மண்ணின் பி.எச். பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்திருக்கும். கீழே வரும் மாதிரியெல்லாம் கார மண், சுண்ணாம்பு மண் என்பதால் சொல்லாமல் விட்டால் ஓல்சன் முறையில் போட்டுவிடுவார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அமில மண்ணுக்கான அட்டவணையில் உரப் பரிந்துரை தேடினால் எல்லாம் தலைகீழாகும்.

மண் அனுப்புவதில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு வந்ததே அதனால்தான். அதன் கூடு ஒன்று அரை மில்லிமீட்டர்தான், கடுகைவிடச் சிறியது. அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள். கிழங்கே போடாமல் விட்டாலும் 20 ஆண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும். ஆகவே மண் மாதிரி இரட்டைப் பையில் போக வேண்டும். ஆய்வு முடிந்து மிஞ்சும் மண்ணைக் கீழே இருக்கிற லேப்காரர்கள் தோட்டத்தில் கொட்டாமல் ஆட்டோகிளேவ் செய்து எறியும்படி கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வயலில் வேலை செய்யும்போது சுத்தமான பாத்தி முதலில், நூற்புழு உள்ள பாத்தி கடைசியில். பூட்ஸை மருந்தில் முக்குவதற்கு முன் மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். மண் அப்பியிருக்கும் காலணியை மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பது வெறும் சடங்கு.

ஈரம் மண்ணோடு நிற்பதில்லை. மைக்ரோஸ்கோப் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். படர்ந்த பிறகு துடைத்தாலும் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங் அரிக்கப்பட்டிருக்கும். பழைய ஆட்கள் அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டுச் சமாளித்தார்கள். இப்போது குண்டு பல்பு கிடைப்பதே அபூர்வம். எல்.இ.டி. பல்பு போட்டால் அலமாரிக்குள் வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதே இப்போதைக்குச் சுலபம். நிறம் மாறியதும் 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். டப்பாவுக்குள் ஒரு சின்ன ஈரப்பதமானி வைத்து 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றோடு மழை அடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்ட் போகும், சில நேரம் இரண்டு நாளைக்கு வராது. ஃப்ரீஸரில் காலியிடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து நிரப்பிவிடுங்கள், குளிர் நின்று நிலைக்கும். லீவில் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பனி உருகவில்லை என்று அர்த்தம். பனிக்கட்டிக்குள் இறங்கி நடுவிலோ அடியிலோ கிடந்தால், ஃப்ரீஸர் இப்போது எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி, இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த ஆர்.என்.ஏ. மாதிரிகளை நம்பி சீக்வென்ஸிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

வானிலைப் பதிவு சின்ன வேலை என்று புதியவர்களிடம் தள்ளிவிடுவார்கள். பத்திரிகைக்காரர் முதல் கலெக்டர் ஆபீஸ் வரை கேட்கப்போகும் எண் அதுதான். மழையளவு காலை 8.30-க்கு எடுக்கிறோம், முந்தைய 24 மணி நேர மழை, எடுத்த தேதியில் பதிவாகும். நேற்று மாலை பெய்தது என்பதால் நேற்றைய தேதியில் எழுதுகிறவர்கள் உண்டு. ஆட்டோமேட்டிக் ஸ்டேஷனின் லாகர் (பதிவுக் கருவி) சர்வதேச நேரத்தில் ஓடினால் அது இன்னொரு 5.30 மணி நேரக் குழப்பம். இரண்டும் சேர்ந்தால் ஓடைநீர் அளவும் மழையளவும் பொருந்தவே பொருந்தாது. இன்னொன்று கொள்ளளவு. 200 சதுர சென்டிமீட்டர் வாய் உள்ள மழைமானியில் 4 லிட்டர் பாட்டில் 200 மில்லிமீட்டரில் நிரம்பி வழிந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவான மாவட்டம் இது. தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது 10 லிட்டர் பாட்டிலுக்கு மாற்றுங்கள், அப்படியும் 500 மில்லிமீட்டர்தான் தாங்கும். கனமழை எச்சரிக்கை வந்தால் நடுவில் ஒரு தடவை அளந்து கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

டிசம்பர், ஜனவரியில் 'மைனஸ் எவ்வளவு சார்?' என்று போன் வரும். ஒரே காலையில் ஒரு பேப்பரில் 4 டிகிரி, இன்னொன்றில் 0, மூன்றாவதில் மைனஸ் 2 என்று வருவதற்குக் காரணம் இருக்கிறது. அதிகாரபூர்வக் குறைந்தபட்ச வெப்பநிலை தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், ஸ்டீவன்சன் பெட்டிக்குள் (வெப்பமானி வைக்கும் காற்றோட்டமான பெட்டிக்குள்) எடுப்பது. உறைபனி விழுவது புல் மட்டத்தில். மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் புல் மட்டம் பெட்டியைவிடப் பல டிகிரி குளிர்ந்துபோகும். குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் தலைக்குந்தா, காந்தல் பள்ளம் ஒரு மாதிரி, மேட்டில் இருக்கும் நிலையம் வேறு மாதிரி. இடம், உயரம், பெட்டியா புல்லா, எத்தனை மணி — நாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே எண்ணாகக் கேட்டால் பெட்டி எண்ணை மட்டும் கொடுங்கள்.

செய்தி என்று வந்தபின் இதையும் சொல்லிவிடலாம். ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி (காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களைப் பதிவு செய்யும் கருவி) 2015 ஜூன் 22 அன்று ஒரு காஸ்மிக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது; 2016-இல் கட்டுரை வந்தது. பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாக வலுக்குறைந்தது என்பதே கட்டுரைத் தலைப்பின் சாரம். செய்தித் தலைப்புகளில் கவசத்தில் 'விரிசல்' விழுந்தது. அதே கருவி 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததாகக் கணித்த செய்தி வெளியானது 2019-இல். படித்தவர்களில் பலர் ஏதோ போன வாரம் நடந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். நிகழ்ந்த தேதி, வெளியான தேதி இரண்டையும் செய்திக்குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதுவதும், தலைப்பை நாமே எழுதிக் கொடுத்துவிடுவதும் பாதி வம்பைக் குறைக்கும்.

வேளாண் செய்தியில் ஆபத்து வேறு விதம். நிலையத்துச் சோதனையில் ஒரு ரகம் நன்றாக வந்தாலும், பல இடத் திடல் சோதனை, விவசாயிகள் வயல் சோதனை, ரக வெளியீட்டுக் குழு எல்லாம் தாண்டிய பிறகே அது ரகம். அதற்கு முன்பே 'புதிய ரகம் கண்டுபிடிப்பு' என்று பேப்பரில் வந்தால் மறுநாள் காலை தும்மனட்டியிலிருந்தும் எடப்பள்ளியிலிருந்தும் விதை கேட்டு ஆள் வந்து நிற்பார்கள். விதை கையில் இல்லாத செய்தி, அடுத்த நல்ல செய்தியின் மரியாதையையும் சேர்த்துக் கெடுக்கும். விளைச்சலை ஹெக்டேருக்கு டன் என்று மட்டும் எழுதாதீர்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் கிழங்கு 45 கிலோ மூட்டை. ஹெக்டேருக்கு 20 டன் என்றால் ஏக்கருக்குச் சுமார் 180 மூட்டை. அப்படிச் சொன்னால்தான் எதிரே இருப்பவர் அது லாபமா இல்லையா என்று உடனே கணக்குப் போடுவார்.

இனி நிதியாண்டு. எங்கள் அபிப்பிராயத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிக ஆராய்ச்சியைக் கெடுப்பது இதுதான். இங்கே உருளைக்கிழங்குக்கு மூன்று போகம்: ஜனவரி, பிப்ரவரியில் நடும் நீர்போகம், ஏப்ரல், மே மாதத்துக் கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பரில் கடைபோகம். பின்கருகல் நோயை ஆராய வேண்டுமென்றால் கார்போகம்தான், ஜூன், ஜூலை மழையில்தான் நோய் வெறியாட்டம் போடும். ஆனால் திட்ட நிதி கைக்கு வருவது பெரும்பாலும் ஜூனுக்கு மேல். முதல் வருடக் கார்போகம் போச்சு. மூன்றாண்டுத் திட்டத்தில் உண்மையில் கிடைப்பது இரண்டு கார்போகம். அதில் ஒன்று மழை பொய்த்தால் ஒன்று. திட்டம் எழுதும்போதே இதைச் சொல்லி, முதல் வருடத்துக்குக் கடைபோகத்தில் செய்யக்கூடிய வேலையை வைத்துவிடுங்கள்.

நீர்போகப் பயிர் மார்ச் 31-ஐத் தாண்டி நிற்கும். ஜே.ஆர்.எஃப். ஒப்பந்தம் அன்றோடு முடியும், ஏப்ரலில் கூலியை எழுதக் கணக்குத் தலைப்பு இருக்காது, கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். ஜனவரியிலேயே நீட்டிப்புக் கடிதம் போட்டு, அறுவடைக்கூலியைத் தனிக் கோரிக்கையாக வையுங்கள். விதைக்கிழங்கிலும் ஒரு கணக்கு: தோண்டிய கிழங்கு முளைக்க இரண்டு மாதத்துக்கு மேல் உறங்கும். செப்டம்பரில் தோண்டிய கார்போகக் கிழங்கை அதே செப்டம்பரில் கடைபோகத்துக்கு நட முடியாது. ஒரு போகம் முன்கூட்டியே விதைக்குச் சொல்லி வைத்தால்தான் கொள்முதல் விதிப்படி நடந்தது மாதிரியும் இருக்கும், நடவுப் பருவமும் தவறாது.

சோலைக்குள்ளோ சரணாலயத்திலோ வேலை என்றால் வனத்துறை அனுமதிக்குத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள், மாதக்கணக்கில் ஆகும். குறிஞ்சியை ஆராய்கிறவர்கள் இன்னும் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டும். 2018-இல் பூத்தது அடுத்து 2030-இல்தான். எந்த மூன்றாண்டுத் திட்டமும் அதற்காகக் காத்திருக்காது.

வந்து போகிற விஷயம். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்துவிட்டது. கருவி ரிப்பேர் செய்ய வரும் இன்ஜினியருக்கும், வைவா (வாய்மொழித் தேர்வு) எடுக்க வரும் பேராசிரியருக்கும் அழைப்புக் கடிதத்தோடு இதையும் சொல்லிவிடுங்கள். சீசனில் ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று ஒருவழி ஆக்கும்போது பயண நேரம் தாராளமாக ஏறும். ஐஸ் பெட்டியில் அனுப்பும் மாதிரிக்கு அந்த நேரத்தையும் சேர்த்து ஜெல் பேக் போடுங்கள்.

வீடு பார்க்கும்போது கிழக்கு வெயில் விழுகிறதா என்று பாருங்கள், வாடகையை அப்புறம் பேசலாம். பின்சுவர் வெட்டிய மண்மேட்டை ஒட்டி இருந்தால் அந்த வீடு எவ்வளவு அழகானாலும் வேண்டாம். சுவர் வியர்க்கும், மழையில் சரியவும் செய்யும். ஏப்ரல், மே மாதத்தில் வீடு தேடாதீர்கள், சீசன் வாடகைக்குப் பழகிய உரிமையாளர்கள் வருட வாடகைக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள் வைத்துக் கதவை அடைத்துக்கொண்டு தூங்குவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. புகை தெரியாது, வாசனை வராது. கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். விடுதி மாணவர்களிடம் வருடா வருடம் நவம்பரில் இதைச் சொல்லுங்கள்.

மாறுதல் வந்து கிளம்பும்போது சாவி, இருப்புப் பதிவேடு எல்லாம் ஒப்படைப்பார்கள்; பாத்தி எங்கே இருந்தது என்பதை ஒப்படைக்க மறந்துவிடுவார்கள். மரக்குச்சி ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும், காட்டுப்பன்றி கிளறினால் இரும்புக் குச்சியும் இடம் மாறும், காட்டுமாடு வேலியோடு தள்ளிவிட்டுப் போகும். ஒவ்வொரு பிளாக்கின் நாலு மூலைக்கும், அசையாத இரண்டு இடங்களிலிருந்து — பாறை, கிணற்றுச் சுவர், கட்டட மூலை எதுவானாலும் — டேப் பிடித்துத் தூரம் எழுதி வையுங்கள். ஜி.பி.எஸ். எண்ணும் இருக்கட்டும், ஆனால் மொபைல் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். 3 மீட்டர் அகலப் பாத்திக்கு அது உதவாது. வரைபடத்தில் வடக்கு எது, சரிவு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு ஒரு பிரதியை அலுவலகக் கோப்பிலும், ஒன்றை வயல் உதவியாளரிடமும் கொடுங்கள். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவர் பெரும்பாலும் இங்கேயே இருப்பார்.